விட்டுவிட்டுப் போட்ட கோடு

நான் போட்ட முதல் நிலவியல் வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி வைத்திருக்கிறேன். கலர் பென்சிலால் நானே நிறம் தீட்டியது. மணற்கல்லுக்கு மஞ்சள், ஷேல் என்கிற களிப்பாறைக்குச் சாம்பல் கலந்த பச்சை. இரண்டுக்கும் நடுவில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு கோடு வளைந்து வளைந்து இறங்கும். இரண்டு பாறைகளும் சந்திக்கும் எல்லை அது. காண்டாக்ட் என்போம்.

அந்தக் கோட்டைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. எல்லையைக் கண்ணால் பார்த்திருந்தால் முழுக்கோடு. பார்க்கவில்லை, ஆனால் இந்த வழியாகத்தான் போகும் என்று கணித்தால் விட்டுவிட்டுப் போடும் கோடு. மண்ணுக்கடியில் மறைந்திருந்தால் புள்ளிக்கோடு. என் வரைபடத்தின் கிழக்கு மூலையில் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு விட்டுவிட்டுப் போகிறது. 1:25,000 அளவில் அது ஒன்றரை கிலோமீட்டர்.

வாய்மொழித் தேர்வில் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தார்கள். "இங்கே ஏன் ஊகம்? பாறை வெளியே தெரியவில்லையா?"

"ஆமாம் சார், மண் மூடியிருந்தது" என்றேன்.

அது பொய். அந்தச் சரிவில் மண்ணே இல்லை. அந்தப் பகுதி முழுவதிலும் பாறை அவ்வளவு நன்றாகத் தெரிந்த இடம் வேறு கிடையாது. நான் பாதியில் திரும்பி வந்துவிட்டேன்.

பாறைகளை வரையப் போன களமுகாமின் ஒன்பதாம் நாள் அது. பன்னிரண்டு மாணவர்களில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர். ஒரே வண்டி. காலை ஆறரைக்கு இறக்கிவிட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்ப வரும். எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். அன்றைக்கு என் பங்குக்கு வந்த சரிவில் ஒரு மரம்கூட இல்லை. பாறை படிப்பவருக்கு அதைவிட நல்ல இடம் அமையாது, அடுக்கடுக்காக எல்லாம் திறந்து கிடந்தது. ஆனால் எதிர்முகட்டில் எங்கள் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் அளந்துகொண்டிருந்தார்கள். கீழே பாதையில் ஆள் நடமாட்டம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் படும்.

நாப்கின் மாற்ற வேண்டும். அதற்கு மறைவு வேண்டும், கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், மாற்றியதைச் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் இதையே நினைத்துக்கொண்டு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டிவரும் என்று காலையிலிருந்து சரியாகக் குடிக்கவும் இல்லை. மதியம் தலைவலி ஆரம்பித்தது. அன்று பிற்பகல் எடுத்த ஐந்து அளவுகளில் இரண்டில் பாறை சாயும் திசையை நேர் எதிராக எழுதியிருக்கிறேன். கிழக்கே சாயும் அடுக்கை மேற்கே சாய்வதாக. கை நடுங்கியதா, கண் இருட்டியதா, நினைவில்லை. இரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தேன்.

அந்தக் களக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கின்றன. 'காலை அரை டம்ளர். 11 மணி இரண்டு மடக்கு. 4ஆம் நிறுத்தம் தாண்டி வளைவில் பெரிய கல், மறைவு உண்டு. 7க்கு அப்புறம் ஒன்றும் இல்லை.' பதினான்கு நாளுக்கும் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கங்களை ஆசிரியர் திருத்தினார், மதிப்பெண் போட்டார். கடைசிப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் காட்டவில்லை.

இதை ஏன் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன் என்றால், களத்தில் பெண்கள் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் உடல் வலிமையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மலை ஏற முடியுமா, பாரம் தூக்க முடியுமா, சுத்தியல் பிடிக்க முடியுமா. முடியும். சுத்தியலுக்கு வேண்டியது கல்லின் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கும் கண். விளிம்பில் சரியான இடத்தில் அடித்தால் கல் தானே பிளக்கும். நடுவில் அடித்தால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சில்லுதான் தெறிக்கும். எனக்குக் களத்தில் குறைந்துபோனது கவனம். நாளெல்லாம் மனதின் ஒரு பாதி வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் எவ்வளவு, மறைவு எங்கே, கூட வருவது யார், வண்டி எப்போது, இரவு கூடாரத்தின் ஜிப் உள்ளிருந்து பூட்டுமா. பாறை படிப்பதற்கு மிச்சப் பாதிதான் கிடைத்தது.

கழிப்பறையைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெண்களைக் கப்பலில் ஏற்றாததற்கும் அன்டார்க்டிகாவுக்கு அனுப்பாததற்கும் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் அங்கே வசதி இல்லை என்பதுதான்.

மேரி தார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடலடித் தரையின் வடிவத்தை உலகத்துக்குக் காட்டியவர். அமெரிக்காவில் லமாண்ட் ஆய்வகத்தில் புரூஸ் ஹீசனோடு வேலை செய்தார். ஹீசன் கப்பலில் போவார், ஒலியை அனுப்பிக் கடலின் ஆழத்தை அளந்த எண்களைக் கொண்டுவருவார். தார்ப் மேசையில் உட்கார்ந்து அந்த எண்களைக் கோடாக்குவார். பெண் என்பதால் அவருக்குக் கப்பலில் இடமில்லை. 1952இல் அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பள்ளத்தாக்கு நீளவாக்கில் போவதை அந்த எண்களிலிருந்தே கண்டுபிடித்தார். கடலடித் தரை அங்கே பிரிந்து விலகுகிறது என்பதற்கான அடையாளம் அது. ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார். பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர் நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை இன்னொரு படத்தில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப்பின் பள்ளத்தாக்கிலேயே வரிசையாக விழுந்தன. அதற்கப்புறம்தான் நம்பினார்கள். தான் வரைந்த கடலுக்கு மேலே ஒரு ஆய்வுக் கப்பலில் தார்ப் முதன்முதலாகப் போனது 1968இல். அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்துப் பதினாறு வருடம் கழித்து.

அவருடைய வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்தக் கப்பலில் அவரும் இருந்திருந்தால், எண் சரியில்லாத இடத்தில் "இங்கே இன்னொரு தடவை போவோம்" என்று சொல்லியிருப்பார். கரையில் உட்கார்ந்திருப்பவர் கொண்டுவந்த எண்களைத்தான் வரைய முடியும்.

அன்டார்க்டிகாவின் கதையும் இதேதான். சோவியத் கடல் நிலவியலாளர் மரியா கிளனோவா 1955–56 பருவத்திலேயே அங்கே போய் வேலை பார்த்தார். ஆனால் அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள் 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க முகாம்களுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோனது கடற்படை. கடற்படை பெண்களை ஏற்ற மறுத்தது. ஓஹாயோவிலிருந்து லோயிஸ் ஜோன்ஸ் என்ற புவிவேதியியலாளர் கடைசியில் நான்கு பெண்கள் கொண்ட குழுவோடு போனார். குழு முழுவதும் பெண்களாக இருந்ததால்தான் அனுமதியே கிடைத்தது. மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் ரைட் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுப் பாறையும் நீரும் சேகரித்தார்கள். அந்த வருடம் நவம்பர் 12 அன்று அந்த நால்வரும் வேறு இரண்டு பெண்களும் தென் துருவத்துக்குப் போனபோது, முதலில் கால் வைத்தவர் யார் என்ற கேள்வியே வரக்கூடாது என்று ஆறு பேரும் கைகோத்துக்கொண்டு விமானத்தின் சாய்தளத்தில் ஒன்றாக இறங்கினார்கள். எனக்குப் பிடித்த படம் அது. குளிர்கால உடுப்பில் யார் யார் என்றே அடையாளம் தெரியாது.

பிரிட்டிஷ் அன்டார்க்டிக் சர்வேயில் ஜேனட் தாம்சன் 1960களிலேயே நிலவியலாளராகச் சேர்ந்தவர். அவர் அங்கே களப்பணிக்குப் போனது 1983இல். அதுவரை ஆண்கள் போய்க் கொண்டுவந்த கற்களை பிரிட்டனில் இருந்தபடி ஆராய்ந்தார். அதே 1983இல்தான் சுதிப்தா சென்குப்தா மூன்றாவது இந்தியப் பயணக் குழுவோடு கிளம்பி அன்டார்க்டிகாவின் ஷிர்மாகர் குன்றுகளின் பாறைகளைப் படிக்கப் போனார். கடலியலாளர் அதிதி பந்த்தும் அதே குழுவில் போனார். சென்குப்தா முறையாக மலையேற்றம் பயின்றவர். தாம்சனைப் போல இருபது வருடம் பிறர் கொண்டுவந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று பாறை படித்தவருக்குத் தெரியும். கல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது, வெடிப்பு எந்தத் திசையில் ஓடியது, இதெல்லாம் பையில் வராது.

அதற்கும் முந்தைய காலத்துப் பெண்கள் இந்தத் தடையை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படித்தேன். லண்டன் நிலவியல் சங்கம் 1807இல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல். நூற்றுப் பன்னிரண்டு வருடம். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறையிலிருந்து 1823இல் பிளீசியோசர் என்ற பழங்காலக் கடல் விலங்கின் முதல் முழுமையான எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்த மேரி ஆனிங்கால் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில்கூட உட்கார முடியவில்லை. அவர் தோண்டியதைப் பற்றி அங்கே மற்றவர்கள் கட்டுரை வாசித்தார்கள். 1833இல் அதே கரையில் ஒரு சரிவு விழுந்து, கூடவே வரும் அவருடைய நாய் செத்துப்போனது. அவர் மயிரிழையில் தப்பினார். மறுபடியும் அதே கரைக்குத்தான் போனார்.

பெண்கள் தனியாகப் போவது முறையில்லை என்று நினைத்த காலத்தில் இரண்டு பேராகப் போனவர்கள் பலர். கெர்ட்ரூட் எல்லிஸும் எதல் வுட்டும் சேர்ந்து கிராப்டோலைட் என்ற பழங்கால உயிரின் படிவங்களைப் பற்றி எழுதிய தொகுதிகள் 1901இலிருந்து 1918 வரை வெளிவந்தன. இணைந்தே நடந்து இணைந்தே எழுதினார்கள். அமெரிக்காவில் ஃபுளாரன்ஸ் பாஸ்கம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பையன்களின் கவனம் சிதறிவிடும் என்று வகுப்பில் ஒரு தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். 1893இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1896இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்த முதல் பெண் நிலவியலாளர் ஆனார். பிரின் மார் கல்லூரியில் அவர் உருவாக்கிய துறையிலிருந்து அடுத்த தலைமுறைப் பெண்கள் வந்தார்கள். தட்டியை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அவரைப் பற்றி நான் நினைத்துக்கொள்வது அந்தத் துறையைத்தான்.

மரியா ஓகில்வி கார்டன் தனியாகப் போனவர். 1890களில் ஆல்ப்ஸின் டோலமைட் மலைகளில் வழிகாட்ட ஆசிரியர் யாரும் கூட இல்லாமல், பாறை ஏறத் தானே பழகிக்கொண்டு, அடுக்கடுக்காகப் புரண்டு கிடக்கும் அந்த மலையை வரைந்தார். 1893இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம், 1900இல் மியூனிக்கில் முனைவர் பட்டம். மூன்று குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப அந்த மலைக்குப் போனார். குழந்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். களத்துக்குக் கிளம்பும் பெண்ணிடம் "குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்காதவர் கிடையாது. பக்கத்தில் நிற்கும் குழந்தையின் அப்பாவிடம் அந்தக் கேள்வி போனதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கதவு மூடியிருந்த கதை. கதவு திறந்து பெண்கள் உள்ளே போன பிறகு நடப்பது வேறு.

களமுகாம் என்பது ஊரிலிருந்து வெகுதொலைவில், ஒருவர் கையில் எல்லாச் சாவியும் இருக்கும் இடம். வண்டிச் சாவி அவரிடம். சேட்டிலைட் ஃபோன் அவரிடம். யார் எந்தச் சரிவுக்குப் போக வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். திரும்பி வந்ததும் மதிப்பெண் போடுபவரும் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் அவரே. அவர் நல்லவராக இருந்தால் அந்தப் பதினைந்து நாள் வாழ்க்கையிலேயே சிறந்த நாட்களாக இருக்கும். எனக்கு அப்படியும் அமைந்திருக்கிறது. நல்லவராக இல்லாவிட்டால் நடந்து போய்ச் சேர ஒரு இடம் கிடையாது.

2014இல் அமெரிக்க மானிடவியலாளர்கள் கேத்ரின் கிளான்சியும் மூன்று சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். பல துறைகளைச் சேர்ந்த 666 களஆய்வாளர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். 64 சதவீதம் பேர் களத்தில் பாலியல் ரீதியான தகாத பேச்சைச் சந்தித்திருந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் விருப்பமில்லாத தொடுதலுக்கோ அதைவிட மோசமானதற்கோ ஆளாகியிருந்தார்கள். அதில் என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். ஆண்களுக்குத் தொல்லை கொடுத்தவர்கள் பெரும்பாலும் கூட வேலை செய்பவர்கள். பெண்களுக்குத் தொல்லை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்களுக்கு மேலே இருப்பவர்கள். சாவி வைத்திருப்பவர்கள்.

ஜேன் வில்லன்பிரிங் என்ற அமெரிக்க நிலவியலாளர் மாணவியாக இருந்தபோது 1999–2000 பருவத்தில் அன்டார்க்டிகா போனவர். குழுவின் தலைவர் தன்னை நடத்திய விதம் பற்றி அவர் புகார் கொடுத்தது 2016இல், சொந்தமாக நிரந்தர வேலை உறுதியான பிறகு. சிறுநீர் கழிக்க ஒதுங்கும்போது கல்லால் அடித்தார், அதனால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று அதில் சொல்லியிருந்தார். பல்கலைக்கழக விசாரணையில், பெண் என்பதை வைத்து அவரை இழிவாகப் பேசித் துன்புறுத்தியது உறுதியானது. உடலைத் தாக்கியதாகச் சொன்ன பகுதியை அந்த விசாரணை உறுதி செய்யவில்லை. அந்தத் தலைவரின் பெயரில் இருந்த பனியாற்றுக்கு 2018இல் வேறு பெயர் வைத்தார்கள். 2019இல் அவர் வேலையை இழந்தார். நான் அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்காமல் இருந்ததைச் சொல்லும் வரியில் நின்றுவிட்டேன். என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

எனக்கு நடந்தது அவ்வளவு பெரியது இல்லை. ஆனால் நடந்தது. படிப்பு முடித்து ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகப் போயிருந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும் என்று என் கூடாரத்துக்கு வெளியே வந்து நிற்பார். காலையில் பார்க்கலாமே என்றால், "உனக்கு வேலையில் அக்கறை இல்லை" என்பார். நான்கு இரவு இப்படி. காம்பஸின் கயிற்றால் ஜிப்பின் இரண்டு வளையங்களையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன். ஐந்தாம் நாள் சமையல் பொறுப்பில் இருந்த அம்மா எதுவும் கேட்காமல் தன் படுக்கையைக் கொண்டுவந்து என் கூடாரத்தில் விரித்தார். அதோடு நின்றது. திரும்பி வந்து நான் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. அடுத்த வேலைக்கு அவருடைய கடிதம் வேண்டியிருந்தது. இன்று யாராவது ஒரு பெண் "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வியை எதிர்கொள்வதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வரும். நல்ல கடிதம். நான் திறமைசாலி என்று எழுதியிருந்தார்.

அப்புறம் தினசரி நடக்கும் சிறிய விஷயங்கள். குழுவாக ஒரு பாறையின் முன் நின்றால் சுத்தியல் பையன்கள் கைக்குப் போகும், பெண்ணின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நோட்டு நம்மிடம் வரும். அப்படியே நான்கு வருடம் போனால் அவர்களுக்குப் பாறை பழகிவிடும், நமக்குக் கையெழுத்துத்தான் பழகியிருக்கும். முதுகுப்பையின் இடுப்புவார், பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் ஆண் உடம்புக்கு வெட்டியவை. காலடியால் தூரம் அளக்கும்போதுகூட இந்தச் சிக்கல் வந்தது. இரண்டு எட்டு ஒன்றரை மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னுடைய இரண்டு எட்டு 1.3 மீட்டர். நூறு மீட்டர் நடக்க எனக்கு எழுபத்தேழு தடவை ஆகும். அதை ஒன்றரையால் பெருக்கினால் நூற்றுப் பதினைந்து மீட்டர் என்று வரும். ஒரு வாரம் என் அளவுகள் எல்லாம் நீண்டுகொண்டே போயின. நான் சரியாக எண்ணவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். நாடாவை விரித்து அளந்து பார்த்த பிறகே புரிந்தது. ஒவ்வொருவரும் தன் எட்டைத் தானே அளந்துகொள்ள வேண்டும் என்பது பழைய பாடம். அன்றைக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பெண்ணாக இருந்ததால் கிடைத்ததும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒரு முறை வேறொரு மலையில் எல்லை எங்கே போகிறதென்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்தேன். சரிவு முழுக்கப் புதர், கல் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறிவந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா, இங்க என்ன தேடுறே?"

கல் பார்க்கிறேன் என்றேன். தண்ணீர் எங்கேயிருந்து எடுக்கிறீர்கள் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார். இந்தச் சரிவில் ஊற்று மூன்று இருக்கிறது, இது கோடையில் வற்றும், அந்த வளைவில் இருப்பது வற்றாது, மூன்றாவது ஊற்று ஒரு பாறைக்குக் கீழே, எல்லாம் ஒரே உயரத்தில்தான் இருக்கும், அதற்கு மேலே எத்தனை தோண்டினாலும் வராது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. மணற்கல் தண்ணீரை உள்ளே விடும். அதன் கீழே இருக்கும் களிப்பாறை விடாது. இறங்கி வரும் தண்ணீர் அந்த எல்லையில் தடுக்கப்பட்டுப் பக்கவாட்டில் கசிந்து வெளியே வரும். அவர் சொன்ன மூன்று ஊற்றும் நான் தேடிய காண்டாக்டின் மேல் மூன்று புள்ளிகள். பல வருடம் குடம் சுமந்த காலில் அந்தக் கோடு ஏற்கெனவே இருந்தது. என்னோடு இருந்த ஆண் உதவியாளரிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் நின்று பேசினார்.

இப்போது நான் மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் இரவு எல்லோரையும் உட்கார வைத்து என் பழைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பேன். பையன்கள் தரையைப் பார்ப்பார்கள். பரவாயில்லை, இரண்டு நாளில் பழகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தக் குழுவும் நிற்கும். யாரும் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டியதில்லை, அவரவர் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டு வரலாம். மறைவே இல்லாத சரிவுக்கு ஒரு தார்ப்பாயும் இரண்டு மடக்குக் கம்பும் ஒரு சின்ன மண்வெட்டியும் போகும். நாப்கினும் மூடி வைக்கும் பையும் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கும், யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இதெல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குப் பக்கம்தான் கனம். மாலையில் நாங்கள் சுமந்து வரும் கற்கள் அதைப்போல் பத்து மடங்கு. வண்டிக்கு இரண்டாவது சாவி மாணவர்களிடம் இருக்கும். முகாமுக்கு வெளியே, என்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு பேரின் எண்களை எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன். என்னைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள் என்பதையும் முதல் இரவே சொல்லிவிடுவேன். இதைச் சொல்லும்போது முதல் வருடம் எனக்குக் குரல் தடுமாறியது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் நிறுவனம் 2023இல் களப்பணிக்குப் பணம் கேட்பவர்கள் இப்படியொரு பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. விதி வந்ததில் மகிழ்ச்சி. விதி வராத இடங்களிலும் தார்ப்பாய் வாங்க எந்தத் தடையும் இல்லை.

முதலில் இதைப் பெண்களுக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வருடம் வயிறு சரியில்லாமல் போன ஒரு பையன் தார்ப்பாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அதற்கு முந்தைய முகாம்களில் அவனைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறேன். கோட்டை விட்டுவிட்டுப் போட்டால் அதற்கான காரணத்தைக் குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். மண் மூடியிருந்தால் மண். வெயில் தாங்காமல் திரும்பியிருந்தால் வெயில். கீழே யாரோ பின்தொடர்ந்து வருவது போல இருந்து பயந்து திரும்பியிருந்தால் அது. எதற்கும் மதிப்பெண் குறையாது. அடுத்து அந்தச் சரிவுக்குப் போகிறவருக்கு அங்கே பாறை இல்லையா, பார்க்கத்தான் முடியவில்லையா என்று தெரிய வேண்டும்.

போன வருட முகாம் என் பழைய மலையிலேயே அமைந்தது. என் வரைபடத்தைக் குழாயிலிருந்து எடுத்து மேசையில் விரித்துவைத்தேன். கிழக்கு மூலையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன், தேர்வில் சொன்ன பொய்யையும். மறுநாள் காலை ஒரு மாணவியும் ஒரு மாணவனும் அந்தச் சரிவைத் தங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்டார்கள். தார்ப்பாயைச் சுருட்டிப் பையின் மேல் கட்டிக்கொண்டு போனார்கள்.

மாலையில் வந்து வரைபடத்தை நீட்டினாள். ஒன்றரை கிலோமீட்டரும் முழுக்கோடு. நான் ஊகித்தபடி அது நேராக ஓடவில்லை. நடுவில் ஒரு பிளவு குறுக்கே போய்ப் பாறையை வெட்டியிருக்கிறது, அதற்குத் தெற்கே எல்லை மொத்தமாக இருநூறு மீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது. வெட்டுமுகத்தில் தேய்ந்த வரிகளைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் நகர்ந்தது என்றும் குறித்திருந்தாள். பிளவுக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று.

"அக்கா, நீங்க திரும்பின இடத்துலேர்ந்து முந்நூறு அடிகூட இருக்காது" என்றாள்.

குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். சாய்வு, திசை, அடுக்கின் தடிமன், படம். கடைசிப் பக்கத்தில் அவளும் ஏதோ எழுதியிருந்தாள். 'ஊற்றுத் தண்ணீர் சில்லென்று இருந்தது. 2 மணிக்குள் மூன்று லிட்டர் முடிந்தது.'